எனக்கும் அதேதானுங்கக்கா

எருத்தேன்பதியிலிருந்து எலப்புள்ளிக்குப் போகும் கம்பெனி வேனில் முதலில் ஏறுகிறவள் செல்வப்பிரியா. டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள். கொழிஞ்சாம்பாறையில் கத்தரீனாள் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடியில் சோற்றுப் பையை வைத்துக்கொண்டு, "என்ன கொளம்பு புள்ள இன்னைக்கு?" என்று கேட்பாள். ஐந்து வருஷம் அந்த இரண்டு இடங்களிலும் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

செல்வப்பிரியா பிறந்தது கோவிந்தாபுரத்துப் பக்கம். பொள்ளாச்சியில் வேதியியல் படித்தாள். கோயம்புத்தூரில் ஒரு மசாலாப்பொடி கம்பெனியின் லேபில் சில வருஷம் வேலை பார்த்தாள். பிறகு எருத்தேன்பதி பூபதிராஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைகளைப் பெற்று, வீட்டோடு இருந்தாள். பூபதிராஜாவுக்குத் தென்னந்தோப்பு உண்டு. ஆனால் வாடல் நோய் வந்து கிழக்கு வரிசை மரங்கள் மொட்டையாகிப்போன வருஷத்தில், மாதம் பிறந்தால் கையில் வரும் பணம் ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்று இருவருக்குமே தோன்றியது. எலப்புள்ளிப் பக்கம் தேங்காய்ப் பவுடர் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

அங்கே அவளை நேர்காணல் செய்தவன் சுதீப். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, லீவு கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பாலக்காடு கல்பாத்திக்காரன், அவளைவிட வயதில் சின்னவன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டபோது, கோயம்புத்தூரில் வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி, "பதினெட்டாயிரம்" என்றாள். கேட்ட பிறகு அவளுக்கே கூச்சமாக இருந்தது. சுதீப் போனில் யாரிடமோ மலையாளத்தில் பேசிவிட்டுத் திரும்பினான்.

"சரி, தரலாம்னுட்டா. ஆனா ஒண்ணு. சம்பளம் எவ்வளவுன்னு யார்கிட்டயும் சொல்லப்படாது, கேட்டேளா? இங்கே ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி. வீணா மனஸ்தாபம் வரும்."

அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அதில் தலையாட்டாமல் இருக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

அவளுக்குக் கொடுத்தது தரம் பார்க்கும் பிரிவு. வெள்ளைத் தேங்காய்த் துண்டுகள் பெல்ட்டில் ஓடி வரும். பழுப்புத் தோலோ சிரட்டைத் துணுக்கோ ஒட்டியிருந்தால் கண்ணில் பட்ட நொடியில் எடுத்துவிட வேண்டும். மதியத்துக்குப் பிறகு பவுடரில் ஈரப்பதம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவில் கத்தரீனாள் ஏற்கனவே இருந்தாள். தேங்காய்த் தோல் சீவும் ஷெட்டில் கூலியாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் சீவி, கை சுத்தம் என்று பேர் வாங்கி உள்ளே வந்தவள். செல்வப்பிரியாவைவிட எட்டு வயது மூத்தவள். புதிதாக வந்தவளை வேவு பார்க்கிற வழக்கமெல்லாம் அவளிடம் இல்லை. முதல் வாரமே தன் சோற்றுப் பையிலிருந்து பாதி மீனை இவள் தட்டில் வைத்தாள்.

இரண்டாம் மாதச் சம்பளம் வந்த மறுநாள், வேனில் வைத்துத்தான் கத்தரீனாள் அதைக் கேட்டாள். கேட்டதில் துளியும் சூது இல்லை.

"உனக்கு எவ்வளவு புள்ள போட்டாங்க? எனக்குப் பதிமூணரை. பத்து வருசம் ஆச்சு, இப்பத்தான் பதிமூணரைக்கு வந்து நிக்குது."

செல்வப்பிரியாவின் வாயில் பதினெட்டு என்ற சொல் வந்து நின்றது. பக்கத்தில் இருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். வேறேதும் யோசிக்கவில்லை.

"எனக்கும் அதேதானுங்கக்கா."

"அடப் பாவமே. படிச்சுப்போட்டு, கோயமுத்தூர்ல இருந்து வந்த புள்ளைக்கும் இவ்வளவுதானா?" என்று கத்தரீனாள் அவளுக்காக வருத்தப்பட்டாள். வேன் எலப்புள்ளிக்குப் போய்ச் சேரும்வரை கம்பெனியைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அன்று அதைப் பொய் என்றே செல்வப்பிரியா நினைக்கவில்லை. ஒருத்தி மனசு நோகாமல் இருக்கச் சொன்ன வார்த்தை, அவ்வளவுதான். சொல்லக்கூடாது என்று கம்பெனியும் சொல்லியிருக்கிறது. ஆனால் வார்த்தை சொன்ன இடத்தோடு நிற்கவில்லை. ஏப்ரலில் சம்பளம் கூட்டினார்கள். கத்தரீனாள் தனக்குக் கூடியதைச் சொன்னாள். இவளும் அதையே சொன்னாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அந்தப் பொய்யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டர் வாங்கியபோது அண்ணன் கொடுத்தது என்றாள். காதில் புதுத் தோடு போட்ட அன்று, கேட்பதற்கு முன்பே, "அம்மாவோடதுங்க, அழிச்சுச் செஞ்சது" என்றாள். கத்தரீனாள் அதையெல்லாம் சந்தேகப்பட்டதே இல்லை. "உங்கண்ணன் தங்கமான மனுசன்" என்று, அப்படி எதுவும் கொடுத்திராத அண்ணனைப் புகழ்ந்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த ஒரு ஜூன் மாதம். வேனில் எல்லாரும் புத்தகம், குடை, பீஸ் என்று புலம்பிக்கொண்டு வந்தார்கள். தான் மட்டும் பேசாமல் இருந்தால் நன்றாயிராது என்று செல்வப்பிரியாவும் புலம்பினாள். கொஞ்சம் அதிகமாகவே புலம்பிவிட்டாள். "இந்த மாசம் எப்படித் தாண்டறதுன்னே தெரியலீங்கக்கா."

மறுநாள் காலை கத்தரீனாள் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கைக்குட்டைச் சுருளை அவள் மடியில் வைத்தாள். உள்ளே மூவாயிரம் ரூபாய்.

"ஐயோ, வேண்டாங்கக்கா."

"வெச்சுக்க செல்வி. எப்ப முடியுதோ அப்பத் தா. நாம ரெண்டு பேரும் ஒரே கஞ்சிதான குடிக்கறோம்."

வேண்டாம் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. வாங்கிப் பைக்குள் வைத்தாள். அந்தப் பையில் அப்போதே அதைவிட அதிகமான பணம் இருந்தது.

கத்தரீனாள் பெல்ட்டின் மேல் குனிந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதை அந்த மாதம்தான் அவள் கவனித்தாள். "கண்ணாடி போடோணும். பாலக்காட்டுல பாத்து வெச்சிருக்கறேன். அடுத்த மாசம் ஆவுட்டும்" என்றாள் கத்தரீனாள், சாதாரணமாக. எந்தப் பணம் கையில் இல்லாமல் அது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று செல்வப்பிரியாவுக்கு உடனே புரிந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். சம்பளம் வரட்டும் என்று இருந்தாள். சம்பளம் வந்த பிறகும், பதிமூணரைச் சொச்சம் வாங்குகிறவள் ஒரே தடவையில் மூவாயிரம் கொடுத்துவிட முடியாது என்று கணக்குப் போட்டு, பாதி அந்த மாதம், பாதி அதற்கடுத்த மாதம் என்று கொடுத்தாள். அதுவரை கத்தரீனாளின் பெல்ட்டையும் சேர்த்துத் தானே பார்த்தாள். சிரட்டைத் துணுக்கு ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பினால் எட்டிக் கைபோட்டு எடுத்துவிடுவாள். "உன்ற கண்ணு கண்ணுதான்" என்று கத்தரீனாள் அதற்கும் பாராட்டினாள்.

பூபதிராஜாவிடம் ஒருநாள் இதைச் சொன்னாள். அவன் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தான். "நீயா போய்க் கேட்ட? அந்தம்மாவாக் குடுத்துது, திருப்பிக் குடுத்துட்ட. இதுல என்ன இருக்குது?" என்றான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்று இரண்டு வாய் சோறு குறைவாகத்தான் இறங்கியது.

போன வருஷக் கடைசியில் அந்தப் பிரிவுக்குப் பிரதீபா என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது. படித்து முடித்த கையோடு வந்தவள். சாப்பாட்டு அறையில் எல்லாரும் இருக்கும்போது, புது போனுக்கு மாதத் தவணை கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள், "பதினெட்டாயிரத்துல ரெண்டாயிரம் அதுக்கே போயிருதுங்க" என்றாள். ஊர்ப் பேரைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

கத்தரீனாளின் கை தட்டிலேயே நின்றது. அவளுக்கு அப்போது பதினாறு. செல்வப்பிரியாவுக்கு இருபத்தொன்றரை.

சாயங்காலம் வேனில் கத்தரீனாள் கத்தவில்லை. தணிந்த குரலில்தான் பேசினாள். அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை என்றாள். "அது கேட்டுது, குடுத்தாங்க. நாம கேக்காம இருந்தோம். தப்பு நம்முளுதுதான். நாளான்னைக்கு நானும் நீயுமா அந்த சுதீப் தம்பிகிட்டப் போலாம் புள்ள. ரெண்டு பேரும் ஒரே சம்பளம், ஒரே வேலை. ரெண்டு பேரா நின்னு கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க."

"வேண்டாங்கக்கா. எதுக்குப் பொல்லாப்பு? ஏப்ரல் வருட்டும்."

"எத்தன ஏப்ரல் பாத்தாச்சு! நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா என்கூட நில்லு. போதும்."

அவள் இறங்குகிறவரை செல்வப்பிரியா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதைக் கத்தரீனாள் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

நடுவில் ஒரு முழுநாள் இருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பெல்ட்டில் எதிரெதிரே நின்றார்கள். சோறு மாற்றிச் சாப்பிட்டார்கள். சொல்வதற்கு அந்த நாளில் இடம் நிறைய இருந்தது. ஒருமுறை, "அக்கா" என்றுகூட ஆரம்பித்தாள். கத்தரீனாள் நிமிர்ந்து பார்த்தாள். "உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க" என்று முடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை டிரைவருக்குப் போன் செய்து, வயிறு சரியில்லை, வரவில்லை என்றாள்.

அன்று தோப்பில் தேங்காய் போடுகிற ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டை இரண்டு தடவை கூட்டினாள். பதினோரு மணி இருக்கும்போது, இப்போது போயிருப்பாள் என்று நினைத்தாள். அந்த அறையில் சுதீப்பின் மேசைக்கு முன்னால், "நானும் செல்வியும்" என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பது கண்முன் வந்தது. போன் செய்து நிறுத்திவிடலாமா என்று போனை எடுத்தாள். எடுத்து, பையனின் பள்ளிக்கூடத்து மெசேஜைப் படித்துவிட்டு வைத்தாள்.

மறுநாள் கொழிஞ்சாம்பாறையில் கத்தரீனாள் ஏறினாள். பக்கத்தில் வந்துதான் உட்கார்ந்தாள். "வயிறு பரவால்லையா?" என்று கேட்டாள். "பரவால்லீங்கக்கா" என்றதோடு பேச்சு முடிந்தது. வேனில் மற்றவர்கள் இருந்தார்கள்.

கம்பெனியில் உடை மாற்றும் அறையில்தான் கத்தரீனாள் வாயைத் திறந்தாள். தலைக்குத் தொப்பி மாட்டி, முகத்துக்குத் துணி கட்டி, மேலே கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

"சுதீப் தம்பி நல்ல பையன். அதுக்குப் பொய் சொல்லத் தெரியல. நானும் செல்வப்பிரியாவும் இத்தன வருசமா ஒரே சம்பளத்துல கெடக்கறோம், நேத்து வந்த புள்ளைக்குப் பதினெட்டுன்னு சொன்னேன். கம்ப்யூட்டரப் பாத்துது. அப்பறம் என்னையப் பாத்துது. 'செல்வப்பிரியா அப்படியா சொன்னா?'ன்னு கேட்டுப்போட்டு, வாய மூடிக்கிச்சு. வருசக் கடைசியில பாக்கலாம்னு அனுப்பிப்போட்டுது." கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துவிட்டாள். "எவ்வளவு உனக்கு?"

"அக்கா…"

"எவ்வளவு?"

"இருவத்தொண்ணரைங்க."

"மொதல்ல சேரும்போது?"

"பதினெட்டு."

கத்தரீனாள் தலையாட்டினாள். 

"நீ சாஸ்தி வாங்கறது எனக்கு வருத்தமில்ல. படிச்ச புள்ள, வாங்கிட்டுப் போ. சொல்ல வேண்டாம்னு கம்பெனி சொல்லியிருக்கும், அதுகூடச் சரி. சொல்ல மாட்டேங்கக்கான்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். அதேதான்னு ஏஞ் சொன்ன? நீ இதத்தான் வாங்கறன்னு நெனச்சுத்தான், இவ்வளவுதான் குடுப்பாங்கன்னு நானும் ஒருநாளும் வாயத் தொறக்கல."

 கத்தரீனாள் இன்னும் முடிக்கவில்லை.

"அந்த மூவாயிரத்த எப்படிப் புள்ள கை நீட்டி வாங்குன? என்னையவிட அஞ்சாயிரம் சாஸ்தி வாங்கிட்டு, என்கிட்ட எப்படி வாங்குன?"

முகத்துணிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவற்றில் கோபத்தைவிட, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இருந்தது. செல்வப்பிரியா அழுதாள். அழுகிறவளைத் தொட்டுத் தேற்றுகிற பழக்கமுள்ள கத்தரீனாள், ஒரு கணம் கையைத் தூக்கினாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று மதியமே செல்வப்பிரியா சுதீப்பின் அறைக்குப் போனாள். கத்தரீனாளுக்குக் கூட்டிக் கொடுங்கள், வேண்டுமானால் எனக்குக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

"அப்படியெல்லாம் எடுத்துக் கொடுக்க இது என்ன சந்தையா?" என்றான் சுதீப். அவனுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "நான் மேலே எழுதியாச்சு. பழைய ஆள், கேக்காம இருக்கறவா, கூட்ட வேண்டாம்னு அவா நினைக்கறா. ஒருத்தியா வந்து கேட்டா நேக்கு ஒண்ணும் பண்ண முடியாது. நான் சொன்னேன்னு இதை வெளியில சொல்லிண்டு இருக்காதேங்கோ."

ஒருத்தியா என்று அவன் அழுத்திச் சொன்னானா, சும்மா சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அவளோடு வெளியே வந்தது.

மறுநாள் சாப்பாட்டு அறையில், எல்லாரும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, செல்வப்பிரியா எழுந்து நின்றாள். பேசிப் பழக்கமில்லை. 

"என்ற சம்பளம் இருவத்தொண்ணாயிரத்து ஐநூறுங்க. சேரும்போதே பதினெட்டு. கத்தரீனாக்காகிட்ட அஞ்சு வருசமாப் பொய் சொல்லிட்டு இருந்தேன். அக்காவுக்குப் பதினாறுதான். அவங்க என்னையவிடப் பழைய ஆளு."

 ஒரு டப்பா மூடி உருண்டு கீழே விழுந்தது. கத்தரீனாள் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தன் சம்பளத்தையும் ஊரறியச் சொல்லிவிட்டாளே என்று அவள் முகம் சிவந்திருந்தது. அதைக் கேட்காமல் சொன்னதும் ஒரு தப்பு என்று செல்வப்பிரியாவுக்கு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் வாய் திறந்தவள் பேக்கிங்கில் இருந்த சரஸ்வதியம்மாள். "எனக்குப் பதினாலு" என்றாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குப் பதினைந்தரை. ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, சிலர் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அக்கா தங்கை மாதிரிப் பழகிய இரண்டு பேர் அன்று சாயங்காலமே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். "இத்தன நாளு நிம்மதியா இருந்தோம். உன்ற பாவத்தக் கழுவறதுக்கு எங்களப் புடிச்சு உலுக்கோணுமா?" என்று ஒருத்தி செல்வப்பிரியாவின் முகத்துக்கு நேரே கேட்டாள். 

ஆனாலும் அடுத்த வாரம் பெண்கள் சேர்ந்துதான் சுதீப்பின் அறைக்குப் போனார்கள். பேச வேண்டியதைப் பிரதீபாதான் பயப்படாமல் பேசினாள். கத்தரீனாள் முன்வரிசையில் நின்றாள், செல்வப்பிரியா கதவோரம். கம்பெனி உடனே இளகவில்லை. இரண்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, இத்தனை வருஷ சர்வீசுக்கு இவ்வளவு என்று ஒரு வரையறை கொண்டுவந்தது. கத்தரீனாளுக்குப் பத்தொன்பதரை ஆயிற்று. சரஸ்வதியம்மாளுக்கும் ஏறியது. செல்வப்பிரியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருஷம் அவளுக்கு மட்டும் ஒன்றும் கூட்டவில்லை. பூபதிராஜா இரண்டு நாள் முணுமுணுத்தான். கூட்டாமல் விட்டது அவளுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் வெகுநாள் தாங்கவில்லை. போன ஐந்து வருஷத்தை எந்த உயர்வும் திருப்பித் தராது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கூடிய சம்பளம் வந்த அன்று கத்தரீனாள் எல்லாருக்கும் லட்டு கொண்டுவந்தாள். செல்வப்பிரியாவிடமும் டப்பாவை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க" என்றாள்.

புள்ள என்றும் செல்வி என்றும் கூப்பிட்ட வாயிலிருந்து வந்த அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு, லட்டையும் எடுத்துக்கொண்டாள். வேனில் கத்தரீனாள் இப்போது முன்னால், பிரதீபாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். செல்வப்பிரியாவின் பக்கத்து இடம் சில நாள் காலியாக இருக்கும். சில நாள் எலப்புள்ளி வரை யாராவது உட்காருவார்கள்.

கத்தரீனாள் பகை பாராட்டவில்லை. வேலையில் கேட்டதற்குப் பதில் சொல்வாள். மெஷின் பழுதானால் கூப்பிடுவாள். அதற்கு மேல் எதுவும் இல்லை. செல்வப்பிரியா இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். இரண்டு முறையும், "அது முடிஞ்சு போச்சுங்க" என்றாள் கத்தரீனாள். முடிந்தது எது என்று செல்வப்பிரியா கேட்கவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை, கொழிஞ்சாம்பாறை தாண்டியதும் வேன் நின்றுவிட்டது. டிரைவர் வேறு வண்டிக்குச் சொல்லிவிட்டு எல்லாரையும் இறங்கச் சொன்னார். தூறல் விழுந்ததால் ஒரு பூட்டிய கடையின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றார்கள். இடம் குறுகல். நகர்ந்து நகர்ந்து கத்தரீனாள் செல்வப்பிரியாவுக்குப் பக்கத்தில் வரும்படி ஆயிற்று. 

கத்தரீனாள் அவள் பக்கம் திரும்பி, முந்தானைக் கரையைப் பார்த்தாள்.

"சீலை நல்லா இருக்குது" என்றாள்.

"ஆயிரத்து நானூறுங்கக்கா" என்றாள் செல்வப்பிரியா, அவசரமாக. "வேலந்தாவளத்துல எடுத்தது. நானேதான் எடுத்தேன். அவரு காசில்ல, என்ற சம்பளத்துல."

கத்தரீனாள் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் வெல கேக்கலீங்களே" என்றாள்.

வேறு வண்டி வந்தது. முதலில் கத்தரீனாள் ஏறினாள். படியில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்காகக் குடையை மடக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். செல்வப்பிரியாவும் ஏறிப் போய், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.